ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா…

ரெண்டு வாரம் முன்னாடி மறதி நோய் பத்தி எழுதினாலும் எழுதினேன், வந்து குவிஞ்ச கடிதாசுல பாதிக்கு மேல ஒரே வரிதான். "ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா…" அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வர்றதுதான் இந்த வாரம் முழுக்க. டிமென்ஷியான்னாலே சாவியை எங்க வச்சோம்னு தேடுறது, பேத்தி பேரு வாயில வராம முழிக்கிறதுன்னுதான் நாம நினைச்சுட்டு இருக்கோம். அல்சைமர் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும், அதிகம் பேருக்கு வர்றதும் அதுதான். ஆனா குணத்துல, தூக்கத்துல, பார்வையில ஆரம்பிக்கிற வகையும் இருக்கு. அது வந்த வீட்ல யாருக்கும் டிமென்ஷியான்னு தோணவே தோணாது, வருஷக்கணக்கா வேற எதுக்கோ வைத்தியம் ஓடிட்டு இருக்கும். நான் டாக்டர் இல்லைங்க, எங்கப்பாவை ஆறு வருஷம் பாத்துக்கிட்டவ, அவ்வளவுதான். மருந்து விஷயத்துல நான் சொல்றதை நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்ங்க.

பேர் வேண்டாம், கும்பகோணம்: அக்கா, என் வீட்டுக்காரருக்கு 56 வயசு, அரசாங்க ஆபீஸ்ல சூப்பிரண்டெண்ட். அதிர்ந்து பேசாத மனுஷன். மூணு வருஷமா ஆளே மாறிட்டாரு. கல்யாணப் பந்தியில பக்கத்து இலையில இருந்த ஜாங்கிரியை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. எங்க சித்தப்பா செத்த வீட்ல பாடைக்குப் பக்கத்துல நின்னு ஜோக் சொல்லி சிரிக்கிறாரு. எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவரு எப்படி இருக்கன்னு கேக்கல, என் தட்டுல இருந்த பன்னை சாப்பிட்டுட்டு கிளம்பிட்டாரு. ஆனா 1983 வேர்ல்டு கப் ஸ்கோர்ல இருந்து பசங்க பொறந்த நேரம் வரைக்கும் டக்குனு சொல்வாரு. ஒரு வருஷம் டிப்ரஷன்னு மாத்திரை குடுத்தாங்க, என் மாமியார் யாரோ செய்வினை வச்சுட்டாங்கன்னாங்க, என் தம்பி வேற பொம்பளை தொடர்பு இருக்கும்னான். இப்ப தஞ்சாவூர்ல ஒரு டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு ஃபிரண்டோ டெம்போரல் டிமென்ஷியான்னு சொல்றாரு. ஆபீஸ்ல மெமோ குடுத்துட்டாங்க, விருப்ப ஓய்வு எழுதிக் குடுக்கச் சொல்லி நெருக்குறாங்க. பொண்ணுக்கு வரன் பாக்குற நேரம், அவளுக்கும் வருமா? ஒரு நாள் பொறுக்க முடியாம இவரை அடிச்சுட்டேன், நான் பாவியா?

தங்கச்சி, கடைசிக் கேள்வியில இருந்து வர்றேன். பாவி இல்ல. மூணு வருஷமா ஒரு மனுஷன் தன்னை வேணும்னே அவமானப்படுத்துறாருன்னு நினைச்சுட்டு கூடவே வாழ்ந்திருக்கீங்க, கை நீளாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா இனிமே அடிக்காதீங்க. அடிச்சா ஏன் அடிச்சாங்கன்னு கூட அவருக்குப் புரியாது, பதிலுக்கு அவரு கை ஓங்கினா உங்களால தாங்க முடியாது.

நமக்கு நெத்திக்குப் பின்னாடி இருக்கிற மூளை ஒரு வாட்ச்மேன் மாதிரி. ஜாங்கிரியைப் பாத்தா எல்லாருக்கும்தான் எச்சில் ஊறும், "டேய் அது அடுத்தவன் இலை"ன்னு உள்ள ஒரு குரல் தடுக்கும், அந்தக் குரல் இருக்கிற இடம் அது. அடுத்தவங்க வலி நமக்கும் வலிக்குதுல்ல, அதுவும் அங்கதான். உங்க வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கமும் காதுக்கு உள்பக்கம் இருக்கிற பகுதியும் சுருங்கிட்டு வருது. புது விஷயங்களைப் பதிவு பண்ணி வைக்கிற இடம் ஆரம்பத்துல பெருசா அடிபடாது, அதனாலதான் வேர்ல்டு கப் ஸ்கோர் எல்லாம் கரெக்டா வருது, சாதாரண ஞாபக டெஸ்டுல கூட நல்ல மார்க் வாங்கிடுவாங்க. ஆரம்பத்துல எம்ஆர்ஐ கூட சில பேருக்கு நார்மல்னு வரும், மூளை எந்தளவு வேலை செய்யுதுன்னு காட்டுற பெட் (PET) ஸ்கேன் எடுத்துத்தான் கண்டுபிடிப்பாங்க. 1892லயே பிராக் நகரத்துல ஆர்னால்ட் பிக்னு ஒரு டாக்டர் இதை எழுதி வச்சுட்டாரு, ரொம்ப நாள் பிக் நோய்னுதான் பேரு. பெரும்பாலும் 45ல இருந்து 65க்குள்ள வரும், அதாவது சம்பாதிக்கிற வயசுல, பிள்ளைங்க படிப்பு கல்யாணம்னு நிக்கிற வயசுல. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு 2022 மார்ச்சுல பேச்சு பாதிச்சிருக்குன்னு மட்டும்தான் குடும்பத்துல சொன்னாங்க, 2023 பிப்ரவரியிலதான் இந்த நோய்னு அறிவிச்சாங்க. அவ்வளவு வசதி இருக்கிற வீட்லயே முழுப் பேரு தெரிய அத்தனை நாள் ஆச்சு, கும்பகோணத்துல மூணு வருஷம் ஆனதுக்கு உங்களை நீங்க திட்டிக்காதீங்க.

இதுல பாக்குறவங்களை ரொம்ப வதைக்கிற விஷயம் என்னன்னா தான் மாறினதே அவருக்குத் தெரியாது. நடிப்பும் இல்ல, பிடிவாதமும் இல்ல. கால் ஒடிஞ்சவர்கிட்ட ஏன் நொண்டுறீங்கன்னு கேக்க மாட்டோம், ஆனா இங்க "உங்களுக்கு வெக்கமா இல்லையா"ன்னு தினமும் கேட்டிருப்பீங்க, வெக்கப்படுற பாகமே போயிடுச்சும்மா. அதனால அவரைத் திருத்துற வேலையை விட்டுட்டு அவரைச் சுத்தி இருக்கிறதை மாத்துங்க, உடம்பாவது மிஞ்சும்.

இனிப்புக்கு இப்படி வெறியா அலையறது இந்த நோயோட அடையாளமே. வேண்டாம்னு சொல்லி ஜெயிக்க முடியாது, கண்ணுல படாம இருக்கணும். ஃபிரிட்ஜ், சாமான் ரூம் ரெண்டுக்கும் பூட்டு போடுங்க, அவரு வழக்கமா போற ஸ்வீட் கடைக்காரர்கிட்ட தனியாப் போய் பேசுங்க, வெக்கப்படாதீங்க. இன்னொண்ணு, இவங்க வாயில அடைச்சு அடைச்சு சாப்பிடுவாங்க, மென்னு முழுங்கக் கூட பொறுமை இருக்காது, புரை ஏறி மூச்சு அடைச்சா வீடே அல்லோலகல்லோலம். தட்டுல கொஞ்சம் கொஞ்சமா சின்னத் துண்டாப் போடுங்க. வெளியில போறப்ப பர்ஸுல ஒரு கார்டு வச்சுக்கோங்க, "இவருக்கு மூளையில ஒரு நோய், தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் உதவி பண்ணுங்க"ன்னு எழுதி. ஹோட்டல்ல பஸ்ல வாயால சொல்ல முடியாது, அவரு பக்கத்துலயே நிப்பாரு. கார்டை நீட்டினா போதும், முறைச்சவங்களே எந்திரிச்சு சீட் குடுப்பாங்க.

பணம். இன்னைக்கே பண்ணுங்க இதை. போன்ல யுபிஐ இருக்குல்ல, அது பெரிய கணக்கோட சேர்ந்திருந்தா எடுத்துடுங்க, ஆயிரம் ரெண்டாயிரம் மட்டும் இருக்கிற ஒரு சின்ன அக்கவுண்டோட சேத்து விட்டுடுங்க, டீக்கடையில ஸ்கேன் பண்ணாருன்னா போகணும், இல்லேன்னா அங்க ஒரு சண்டை. முழுசாப் பிடுங்கினா கௌரவப் பிரச்சனை ஆயிடும். "பவர் எழுதி வாங்கிக்கோ"ன்னு சொந்தக்காரங்க யாராவது கண்டிப்பா சொல்வாங்க, அவருக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போடுற அதிகாரப் பத்திரம் அது, ஆனா எழுதிக் குடுத்தவருக்கு சுயபுத்தி போயிட்டா அந்தப் பவர் அப்பவே முடிஞ்சு போச்சு, ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவுலயே இருக்கு. அதனால நாமினி, ஜாயின்ட் அக்கவுண்ட் எல்லாம் அவருக்குப் புரிஞ்சு கையெழுத்துப் போட முடியுதுன்னு டாக்டர் சொல்ற காலத்துலயே முடிச்சாகணும். அதுக்கப்புறம்னா கோர்ட் வழியா கார்டியன் ஆகுறதுதான், அலைச்சல்.

விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போட விடாதீங்க! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 20ஆவது பிரிவு இருக்கு, அரசாங்க வேலையில இருக்கும்போது ஊனம் வந்தா வேலையை விட்டு எடுக்கவோ பதவி இறக்கவோ கூடாது, அந்த வேலை பாக்க முடியலன்னா அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும், அதுவும் இல்லேன்னா கூடுதல் பணியிடத்துல வச்சிருக்கணும். அந்தச் சட்டத்தோட பட்டியல்ல டிமென்ஷியான்னு நேரடியா பேர் இல்ல, ஆனா நாள்பட்ட நரம்பியல் நோய்னு இருக்கு. சர்வீஸ் கேஸ் பாக்குற வக்கீலைப் பாத்து, டாக்டர் சர்டிபிகேட்டோட அந்த மெமோவுக்கு பதில் குடுங்க. அவரு பண்ணினது ஒழுங்கீனம் இல்ல, நோய்னு ஃபைல்ல பதிவாகணும், அதுதான் முக்கியம்.

மருந்துன்னு பாத்தா இந்த நோயை நிறுத்துற மருந்து இன்னும் வரல. டிப்ரஷனுக்குக் குடுக்கிற சில மாத்திரைகளை இந்த இனிப்பு வெறி, படபடப்பு, செஞ்சதையே செய்றதுக்கெல்லாம் கொஞ்சம் அடங்கட்டும்னு குடுப்பாங்க. அல்சைமருக்குக் குடுக்கிற டோனெபெசில் இதுக்கு உதவாது, சில பேருக்கு ஆர்ப்பாட்டம் கூடத்தான் செய்யும். ஏற்கனவே குடுத்துட்டு இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, கேளுங்க.

பொண்ணு விஷயம். பாதிக்கு மேல கேஸ்ல குடும்பத்துல முன்னாடி யாருக்கும் இருந்திருக்காது. அவரோட அப்பா, பெரியப்பா, அத்தைன்னு யாராவது சின்ன வயசுலயே புத்தி மாறிப் போனாங்களா, இல்லேன்னா கை கால் மெலிஞ்சு பேச்சு குழறி ரெண்டு மூணு வருஷத்துல போயிட்டாங்களான்னு மாமியார்கிட்ட உக்காந்து கேளுங்க. அந்தத் தசை மெலியிற நோய்க்கும் இதுக்கும் பொதுவா ஒரு ஜீன் இருக்குன்னு 2011ல கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படி யாரும் இல்லேன்னா பயந்து சாகாதீங்க. இருந்தா ஜெனிட்டிக் கவுன்சலிங்னு ஒண்ணு இருக்கு, பொண்ணு மேஜர், டெஸ்ட் பண்ணிக்கிறதா வேண்டாமான்னு அவதான் சொல்லணும், வரன் வீட்டுக்காரங்க இல்ல.

மருமகள், பாளையங்கோட்டை: மதினி, எங்க மாமாவுக்கு 73 வயசு. சாயந்தரம் ஆனா தார்சால ரெண்டு சின்னப் பிள்ளைக நிக்குன்னு சொல்லுதாரு, "அதுகளுக்கு காப்பி குடும்மா"ங்காரு. ஒரு நா நல்லா பேப்பர் படிச்சு அரசியல் பேசுதாரு, மறுநா வாய் திறக்காம சுவரைப் பாத்துட்டு இருக்காரு. நடை தேய்ச்சுத் தேய்ச்சு நடக்காரு. போன மாசம் ராத்திரி கத்தினாருன்னு பக்கத்து ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க, மூணு நாள் மரக்கட்டை மாதிரி கிடந்தாரு, இன்னும் பழையபடி ஆகல. பெரிய டாக்டர் லூயி பாடி டிமென்ஷியாங்காரு. ஊசியாலயா இப்படி ஆச்சு?

இதைப் படிச்சதும் பேனாவைக் கீழ வச்சுட்டேன்மா. எங்கப்பாவுக்கு வந்தது இதுவேதான், ஊசி போட்டது உட்பட.

ஊசியால நோய் வரல, ஆனா அந்த நிலைமைக்கு ஊசி காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. மனநோய்க்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் குடுக்கிற சில மருந்து, முக்கியமா ஹாலோபெரிடால், இந்த நோய்க்காரங்களுக்கு ஆகவே ஆகாது. உடம்பு விறைச்சு, முழுங்க முடியாம, சில சமயம் உயிருக்கே ஆபத்தாப் போயிடும். வாந்திக்கு எல்லா இடத்துலயும் சர்வசாதாரணமா போடுற மெட்டோகுளோபிரமைடும் ஆகாது. சளி மாத்திரை, தூக்கத்துக்குன்னு கடையில வாங்குறது கூட குழப்பத்தைக் கூட்டிடும். நான் என்ன பண்ணினேன்னா ஒரு கெட்டி அட்டையில சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால 'லூயி பாடி நோயாளி, ஹாலோபெரிடால் போடாதீங்க'ன்னு எழுதி அப்பா ஃபைல் மேல ஒட்டினேன், ஒண்ணு ஃபிரிட்ஜ் கதவுல, ஒண்ணு எங்கம்மா பர்ஸுல. நடு ராத்திரி கேஷுவாலிட்டியில நிக்கிற ட்யூட்டி டாக்டர் சின்னப் பையனா இருப்பான், அவனுக்கு இது ஞாபகத்துல இருக்கணும்னு கட்டாயமில்ல, நாமதான் கையில குடுக்கணும். இங்கிலீஷ்லயும் எழுதி ஒட்டுங்க.

1912ல ஜெர்மனியில ஃபிரெட்ரிக் லூயின்னு ஒரு டாக்டர் பார்க்கின்சன் வந்தவங்க மூளையில உருண்டை உருண்டையா ஏதோ இருக்கிறதைப் பாத்தாரு, அவர் பேருதான் இதுக்கு. அந்த உருண்டை மூளை மேற்பரப்பு முழுக்கப் பரவினா டிமென்ஷியாவும் வரும்னு 1976ல ஜப்பான்ல கொசாகான்னு ஒருத்தர் எழுதினாரு. அதனாலதான் பாதி பார்க்கின்சன் மாதிரி, பாதி புத்தி மாறாட்டம் மாதிரி ரெண்டும் கலந்து வருது. மாமா தூக்கத்துல கை காலை உதைச்சு யாரையோ அடிக்கிற மாதிரி பண்ணுவாரான்னு உங்க அத்தைகிட்ட கேட்டுப் பாருங்க. நோய் தெரியிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே அது வந்துடும். எங்கம்மா பத்து வருஷம் ஹால்ல பாய் போட்டுப் படுத்தாங்க, "உங்கப்பா கனவுல ஃபுட்பால் ஆடுறாரு"ன்னு சொல்லி நாங்க எல்லாம் சிரிச்சோம், அது அறிகுறின்னு யாருக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளைங்களைப் பத்தி சண்டை போடாதீங்க. "அங்க யாரும் இல்ல மாமா"ன்னு சொன்னா அவரு கண்ணை நீங்க பொய்ங்கிறீங்க. அவருக்கு பயம் இல்லேன்னா விட்டுடுங்க, காப்பி குடுன்னா "குடுத்துட்டேன் மாமா, குடிச்சுட்டுப் போயிருச்சுக"ன்னு சொல்லுங்க. பயந்தாருன்னா மட்டும் பேச்சை மாத்தி வேற இடத்துல உக்கார வைங்க. ஆறு மணிக்கு முன்னாடியே தார்சால நல்ல வெளிச்சமா லைட்டைப் போட்டுடுங்க, ஆணியில தொங்குற சட்டை, நிழல் விழுற திரை, கண்ணாடி இதெல்லாம் எடுத்துட்டாலே அவரு கண்ணுக்குத் தெரியிறவங்கள்ல பாதிப் பேரு வீட்டை விட்டுக் காலி பண்ணிடுவாங்க.

இன்னொண்ணு வரலாம், வந்தா உடைஞ்சு போயிடாதீங்க. ஒரு நாள் எங்கப்பா என்னைப் பாத்து "நீ என் மக மாதிரியே இருக்க, ஆனா மக இல்ல, அவ எங்க?"ன்னாரு. அழுதேன், சண்டை போட்டேன், ஆல்பத்தைக் காட்டினேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஒரு நாள் சமையக்கட்டுக்குப் போய் அங்கிருந்து அவரு போனுக்கு அடிச்சேன். "அப்பா நான்தான் பேசுறேன், வந்துட்டே இருக்கேன்"ன்னேன். "சீக்கிரம் வாம்மா, இங்க எவளோ உக்காந்திருக்கா"ன்னாரு. ரெண்டு நிமிஷம் கழிச்சு வாசல் பக்கமா சுத்தி வந்து செருப்பைக் கழட்டுற சத்தத்தோட பேசிக்கிட்டே உள்ள வந்தேன், "வந்துட்டியா"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாரு. முகம் அந்நியமாத் தெரிஞ்சாலும் குரல் அடையாளம் தெரியிறது இதுல உண்டுன்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எங்க வீட்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்த நாடகம் நடந்துச்சு.

படுக்கையில இருந்து எந்திரிக்கும்போது பிரஷர் சட்டுனு இறங்கி விழுந்துடுவாங்க, ரெண்டு நிமிஷம் விளிம்புல உக்கார வச்சு அப்புறம் நிக்க வைங்க. மலச்சிக்கலை விட்டுடாதீங்க, ரெண்டு நாள் போகலேன்னா குழப்பம் ரெட்டிப்பாகும். ஒரு நல்ல விஷயம், ரிவாஸ்டிக்மின் டோனெபெசில் வகை மருந்து இந்த நோய்க்கு அல்சைமரை விட நல்லாவே கேக்குற ஆளுங்க உண்டு, அதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க.

கோயமுத்தூர்ல இருந்து ஒரு பையன்: அக்காங்க, அம்மாவுக்கு 60 வயசுங்க. ரெண்டு வருஷத்துல மூணு கண்ணாடி மாத்தியாச்சு, கேட்டராக்ட் ஆபரேஷனும் பண்ணியாச்சுங்க. கண்ணுல கோளாறு இல்லைன்னுதான் சொல்றாங்க, ஆனா முன்னாடி இருக்கிற டம்ளரைக் காணோம்ங்கிறாங்க. இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டவங்க இப்ப புள்ளி வைக்கிறாங்க, கோடு எங்கெங்கயோ போகுதுங்க. பஸ்ல படி இறங்க பயப்படறாங்க. யாரைப் பாக்கிறதுங்க?

கண் டாக்டரை விட்டுட்டு நரம்பியல் டாக்டரைப் பாருங்க தம்பி. நான் நோய் பேர் முடிவு பண்ணக் கூடாது, ஆனா கேளுங்க, 'போஸ்டீரியர் கார்ட்டிகல் அட்ரோஃபி'ன்னு ஒண்ணு இருக்கு, இது அதுவா இருக்குமான்னு. கண்ணு பாக்கும், பாத்ததைச் சேத்து உருவமாக்குற மூளையோட பின்பக்கம் சுருங்கும். 1988ல ஃபிராங்க் பென்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் இதைத் தனியா அடையாளம் காட்டினாரு. இங்கிலீஷ் நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட்டுக்கு 2007ல இதுதான்னு சொன்னாங்க, டைப் அடிக்க முடியாம போனதும் வாயால சொல்லிச் சொல்லி நாவல் எழுதினாரு. பெரும்பாலும் அல்சைமரேதான் இப்படி வேற வாசல் வழியா வரும், அதனால அல்சைமர் மருந்து இதுல குடுக்கிறது உண்டு. உங்க அம்மா கோலத்தை போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, பழைய கோலம் போட்டோ ஒண்ணு இருந்தா அதுவும். பத்து நிமிஷம் நீங்க விளக்கிறதை அது ஒரு நொடியில சொல்லிடும்.

வீட்ல, எவர்சில்வர் தட்டுல இட்லி வைக்காதீங்க, வெள்ளையும் பளபளப்பும் ஒண்ணாத் தெரியும். வாழை இலையில வைங்க, கண்ணுக்குப் படும். படி விளிம்புல மஞ்சள் டேப் ஒட்டுங்க, பூப்போட்ட பெட்ஷீட் தரைவிரிப்பு எல்லாம் மூட்டை கட்டி வைங்க, நாற்காலியை இடம் மாத்தாதீங்க. சமைக்கும்போது யாராவது கூட இருக்கணும். கோலம் போடறதை நிறுத்தச் சொல்லாதீங்க, மூணு புள்ளி போட்டாலும் போடட்டும், கோட்டை நீங்க கூடப் புடிச்சுக்கோங்க.

தம்பி, சேலம்: அண்ணனுக்கு ஃபிரண்டோ டெம்போரல் டிமென்ஷியான்னு சொல்லிட்டாங்க. அண்ணி படுத்துட்டாங்க. ஹோம்ல விடலாமா, ஊர் என்ன சொல்லும்?

ஊர் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாது. விடலாம். அதுக்கு முன்னாடி சென்னையில ஸ்கார்ஃப், பெங்களூர்ல நிம்ஹான்ஸ் இந்த மாதிரி மனநலம் பாக்குற இடத்துல ஒரு தடவை காட்டிட்டு என்ன வழின்னு கேளுங்க, கேரளாவுல 1992ல ஆரம்பிச்ச ஏஆர்டிஎஸ்ஐன்னு அல்சைமர் மாதிரி நோய் வந்தவங்களுக்கான ஒரு சங்கம் இருக்கு, அவங்களுக்குப் பல ஊர்ல கிளை உண்டு. அண்ணி மனசு விட்டுப் பேச அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். அண்ணன் 60 தாண்டினவர்னா முதியோர் உதவி எண் 14567ம் இருக்கு.

ஹோம் பாக்கப் போறப்ப கட்டிடத்தைப் பாத்து மயங்காதீங்க. முதியோர் இல்லம் நிறைய பேருக்கு 75, 80 வயசுக்காரங்களைப் பாத்துதான் பழக்கம், உங்க அண்ணன் மாதிரி உடம்பு தெம்பா இருக்கிற ஆளு நாலு மணிக்கு கேட்டைத் தாண்டிப் போனா ஓடிப் புடிக்க ஆள் இருக்காது. ராத்திரி எத்தனை பேர் ட்யூட்டியில இருப்பாங்க, கட்டிப் போடுவீங்களா, ஆர்ப்பாட்டம் பண்ணினா என்ன மருந்து குடுப்பீங்கன்னு மூணையும் கேளுங்க. மூணாவதுக்கு "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்"னு பதில் வந்தா வண்டியைத் திருப்பிடுங்க.